குறைமாதக் குழந்தைகளின் ஃபைலைச் சீக்கிரம் மூடாதீர்கள்

சிங்கப்பூரின் பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பணியாற்றும் மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், சுகாதார அமைச்சுக்கும், கல்வி அமைச்சுக்கும்,

வணக்கம்.

1500 கிராமுக்கும் குறைவான எடையில் பிறக்கும் குழந்தைகளைப் பற்றி எழுதுகிறேன். என் மகனும் அவர்களில் ஒருவன். 28ஆவது வாரத்தில், ஒரு கிலோவுக்குச் சற்று மேலான எடையோடு பிறந்தான். இன்று தொடக்கநிலை இரண்டில் படிக்கிறான். ஓடுகிறான், ஓயாமல் பேசுகிறான். அவனைப் பிழைக்கவைத்து எங்கள் கையில் கொடுத்தவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான். அந்த நன்றி எங்கள் குடும்பத்தில் என்றும் இருக்கும். நான் கேட்க வந்தது ஒன்றுதான்: தலை ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பதற்காக இந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள். பள்ளியில் காலூன்றும்வரை பாருங்கள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், இதைப் படிக்கும் மற்றப் பெற்றோருக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். முதல் நாட்களில் எடுப்பது அல்ட்ராசவுண்ட். குழந்தையை இன்குபேட்டரை விட்டு நகர்த்த வேண்டியதில்லை. எலும்பு இன்னும் மூடாத உச்சிக்குழியின் மேல் கருவியை வைத்து உள்ளே பார்க்கிறார்கள். கதிர்வீச்சு கிடையாது. முக்கியமாகத் தேடுவது ரத்தக்கசிவை. மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் இருக்கின்றன. அவற்றின் ஓரத்தில் மிக மெல்லிய ரத்தக்குழாய்கள் நிறைந்த ஒரு பகுதி, நிறைமாதம் நெருங்கும்போது தானாகவே சுருங்கி மறைந்துவிடும். அது மறைவதற்குள் பிறந்துவிட்ட குழந்தைக்கு, ரத்த ஓட்டம் சற்று ஏறி இறங்கினாலும் அந்தக் குழாய்கள் உடையலாம். பெரும்பாலான கசிவுகள் முதல் மூன்று நாட்களுக்குள் ஏற்படுபவை. 1978இலிருந்து இவற்றை நான்கு நிலைகளாகப் பிரித்துச் சொல்கிறார்கள். மூன்றும் நான்கும்தான் பெரிய கவலை.

சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பதற்கும் காரணம் உண்டு. நரம்பிழைகள் ஓடும் வெள்ளைப் பகுதி சேதப்பட்டிருந்தால், நீர்க்கட்டிகளாக அது படத்தில் தெரிவதற்கே சில வாரம் ஆகும். முதல் வாரத்தில் சுத்தமாக இருந்த படத்தை வைத்து முடிவுக்கு வர முடியாது. அப்புறம், பிறந்திருக்க வேண்டிய தேதியை ஒட்டிச் சில குழந்தைகளுக்கு எம்ஆர்ஐ. பால் கொடுத்து, துணியில் சுற்றி, காதை மூடி, தூக்கத்திலேயே எடுத்துவிடுகிறார்கள்; பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படுவதில்லை. அல்ட்ராசவுண்டுக்கு எட்டாத நுண்ணிய சேதங்களும், சிறுமூளையில் ஏற்பட்ட சிறு கசிவுகளும் அதில் தெரியும்.

இந்தப் படங்கள் எதிர்காலத்தை எவ்வளவு சொல்லும்? நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் 30 வாரத்துக்குள் பிறந்த 167 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. எம்ஆர்ஐயில் வெள்ளைப் பகுதிச் சேதம் அதிகமாகத் தெரிந்த குழந்தைகளுக்கு, இரண்டு வயதில் அறிவு வளர்ச்சியிலும் உடல் அசைவிலும் பெரிய தாமதம் வரும் வாய்ப்பு அதிகம் என்று அது காட்டியது. ஆனால் படம் தெளிவாக இருந்த குழந்தைகளிலும் சிலருக்குத் தாமதம் இருந்தது. மோசமாக இருந்த சிலர் நன்றாகவே வளர்ந்தார்கள். இங்கிலாந்தில் 33 வாரத்துக்குள் பிறந்த 511 குழந்தைகளிடம் அல்ட்ராசவுண்டையும் எம்ஆர்ஐயையும் ஒப்பிட்டார்கள். பின்னாள் வளர்ச்சியை எம்ஆர்ஐ சற்றுக் கூடுதல் துல்லியமாகக் கணித்தது. அதுவும் கொஞ்சம்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2020இல் தந்த வழிகாட்டலும் எல்லாக் குறைமாதக் குழந்தைக்கும் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லவில்லை. எனவே நான் இன்னும் நிறைய ஸ்கேன் கேட்கவில்லை. ஸ்கேனுக்குப் பிறகான ஆண்டுகளைத்தான் கேட்கிறேன்.

ஏனென்றால் 34ஆவது வாரத்தில் குழந்தையின் மூளை நிறைமாத மூளையின் எடையில் ஏறக்குறைய 65 விழுக்காடுதான். மேற்பரப்பில் மடிப்புகள் விழுவதும், நரம்புகள் ஒன்றோடொன்று இணைவதும் கடைசி மூன்று மாதங்களில் மும்முரமாக நடக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த மூன்று மாதமும் கருவறையில் கிடைக்கவில்லை. வெளிச்சத்திலும் இயந்திரங்களின் சத்தத்திலும், ஊசிக்கும் குழாய்க்கும் நடுவில் கழிந்தது. எந்தக் கசிவும் இல்லாமலேயே அந்த வளர்ச்சி வேறு பாதையில் போயிருக்கலாம். அதன் விளைவு நடை, பேச்சு போன்ற பெரிய படிகளில் தெரியாமல் போகலாம். கணக்கில், கவனத்தை நிறுத்துவதில், கண்ணால் பார்த்ததைக் கையால் எழுதுவதில், சொன்ன மூன்று வேலைகளை வரிசையாக நினைவில் வைப்பதில் தெரியும். இரண்டு வயதில் எந்தச் சோதனையும் இவற்றை முழுமையாகக் காட்டாது. அந்த வயதுக் குழந்தையிடம் யார் கணக்குக் கேட்பார்கள்?

என் மகனுக்கு நடந்தது இதுதான். ஸ்கேன் நார்மல், இரண்டு வயதுச் சோதனை நார்மல், இனி வர வேண்டாம் என்றார்கள். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. புதுக்கோட்டையிலிருந்து என் மாமியார் போனில் அழுதேவிட்டார். தொடக்கநிலை ஒன்றில் கரும்பலகையைப் பார்த்து எழுத அவன் திணறினான். “கவனமே இல்லை, சோம்பல்” என்றார் ஆசிரியர். அவன் எப்படிப் பிறந்தான் என்பது அவருக்குத் தெரியாது. பள்ளிக்கு அதைச் சொல்லும் வழி எதுவும் இல்லை.

அதோடு இன்னொரு சங்கதி. இங்கே ஜனவரி 2 முதல் அடுத்த ஜனவரி 1 வரை பிறந்தவர்கள் ஒரே ஆண்டில் பள்ளியில் சேர்கிறார்கள். என் மகன் பிப்ரவரியில் பிறந்திருக்க வேண்டியவன், நவம்பரிலேயே வந்துவிட்டான். அதனால் ஒரு வகுப்பு முன்னதாகவே போய் உட்கார வேண்டியதாயிற்று. பிறக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிட்டால், பள்ளிக்கூடம் போன முதல் நாளில் அவனுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது எடை, தவழ்தல், நடை என எல்லாவற்றையும் திருத்திய வயதை வைத்துப் பார்த்த நாம், இரண்டு வயதோடு அந்தக் கணக்கை மறந்துவிடுகிறோம். சேர்க்கையைத் தள்ளிவைக்கக் கேட்கலாம், சரி. ஆனால் அதற்கு ஆதாரம் வேண்டும். ஃபைல் மூடப்பட்ட குழந்தைக்கு யார் எழுதிக் கொடுப்பார்கள்?

பள்ளி வயதுவரை பார்க்கும் மருத்துவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பது தெரியும். எந்த மருத்துவமனையில் பிறந்தோம், பெற்றோர் எவ்வளவு விடாமல் கேட்டார்கள் என்பதைப் பொறுத்து அது அமையக் கூடாது. 1500 கிராமுக்குக் கீழே பிறந்த ஒவ்வொரு குழந்தையையும், ஸ்கேன் என்ன சொன்னாலும், ஐந்து வயதில் ஒருமுறை அழைத்துப் பாருங்கள். அப்போது கண்டுபிடித்தால் பள்ளி தொடங்க இன்னும் நேரம் இருக்கும். ஆறு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கான இஐபிஐசி என்ற ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டத்தில் சேர்க்கத் தேவைப்பட்டாலும் அதற்கும் வழி இருக்கும். அந்த வயதைத் தாண்டிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடுகிறது.

பெற்றோர் சம்மதித்தால், பிறந்த வாரத்தையும் எடையையும் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் பள்ளிக்குப் போகட்டும். கல்வி அமைச்சு, சேர்க்கையைத் தள்ளிவைக்கும் விண்ணப்பங்களில் பிறக்க வேண்டியிருந்த தேதியையும் பார்க்கட்டும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஸ்கேன் முடிவைச் சொல்லும்போது, அதனால் சொல்ல முடியாதது எது என்பதையும் சொல்லுங்கள். நான்கு மொழிகளிலும் எழுதிக் கொடுங்கள். பிள்ளையைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்வது பல வீடுகளில் பாட்டிதான். அவர் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்ப் பக்கத்தை எழுதவும் சரிபார்க்கவும், குறைமாதப் பிள்ளைகளை வளர்க்கும் எங்களில் சிலர் தயாராக இருக்கிறோம். ஒரு வார்த்தை சொல்லுங்கள், வந்து உட்கார்ந்து செய்து தருகிறோம்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஓர் அம்மா