அண்ணாச்சிக்கு, தாம்பரத்திலிருந்து

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடாததற்கு மழைதான் காரணம் என்று சொல்லலாம், சேலையூர் பக்கம் எங்கள் தெருவில் இரண்டு நாள் முழங்கால் தண்ணீர், ஆனால் உண்மை அதுவல்ல, எழுத உட்கார்ந்தால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சரி, சொல்லிவிடுகிறேன். முதலில் வீட்டு விஷயம்: என் மனைவிக்கு மூட்டு வலி பரவாயில்லை, பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். நாசரேத்தில் இந்த வருஷ அசன விருந்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன், வர முடியவில்லை, கோபிக்காதீர்கள்.

போன மாதம் நம் மிஷனெரி ஊழியத்தின் வெளிநாட்டுப் பங்காளிகளோடு வீடியோவில் ஒரு கூட்டம் நடந்தது. எந்த நாடு, எந்த அமைப்பு என்று இப்போது வேண்டாம், நேரில் சொல்கிறேன். நமக்கு ராத்திரி எட்டு மணி, அவர்களுக்குக் காலை காப்பி நேரம். 'பங்காளித்துவம்' என்ற வார்த்தையை எத்தனை தடவை சொன்னார்கள் என்று எண்ண ஆரம்பித்து இருபதோடு விட்டுவிட்டேன். நிகழ்ச்சி நிரல் அவர்கள் போட்டது, படம் அவர்கள் போட்டது, அடுத்த ஐந்து வருஷத் திட்டமும் அவர்கள் போட்டது. கடைசியில் 'களத்திலிருந்து ஒரு குரல்' என்று மூன்று நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் பேசியது யார் தெரியுமா, நீங்கள் ஜார்க்கண்டில் பஹாரியா மலையில் இருந்தபோது உங்களோடு சைக்கிளில் சுற்றிய அந்த மால்டோ பழங்குடிச் சகோதரர்தான். இரண்டாவது நிமிடத்தில் லைன் போய்விட்டது. யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. ஜெபம் பண்ணி முடித்துவிட்டார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் பின்னாளில் தெலுங்கு நாட்டில் பிஷப் ஆன நம்ம அசரியா அய்யாவை நினைத்துக்கொண்டு கிடந்தேன். 1910 ஜூன், ஸ்காட்லாந்தில் எடின்பரோ, அவர் போய்ப் பேசிய உலக மிஷனெரி மாநாடு. ஆயிரத்து இருநூறு பிரதிநிதிகளில் ஆசியாவிலிருந்து போனவர்கள் இருபது பேர்கூட இல்லை. சீனாவிலிருந்து போன செங் ஜிங்யி என்ற இருபத்தெட்டு வயதுப் பையனுக்குப் பேசக் கிடைத்தது ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்தில், உங்கள் சபைப் பிரிவுகள் எங்களுக்கு வேண்டாம், எங்களுக்கு ஒரே சபை போதும் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகி, ஏழு மூன்றாகக் குறைந்திருக்கிறது பாருங்கள்!

அசரியா பேசியது உங்களுக்கு மனப்பாடம். வெள்ளாளன்விளைக்காரர், அப்போது முப்பத்தைந்து வயது, இன்னும் பிஷப் ஆகவில்லை, எதிரே முழுக்க மிஷனெரிகளும் அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பவர்களும். இந்தியாவில் மிஷனெரிக்கும் நம் ஊழியருக்கும் நடுவில் சிநேகம் இல்லை என்று உடைத்துச் சொன்னார். ஒன்று கொரிந்தியர் பதின்மூன்றை எடுத்து அவர்கள் மேலேயே வைத்தார்: ஏழைகளுக்கு அன்னதானம் பண்ணினீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். கூட்டத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்த மாநாட்டின் எட்டு கமிஷன் அறிக்கைகளை இன்றைக்கு யார் புரட்டுகிறார்கள்? இந்த ஒரு வாக்கியம்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு, நாளைக்குக் காட்டமாக ஒரு மெயில் போட வேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோதுதான் சுருக்கென்றது. அண்ணாச்சி, அந்தச் சகோதரருடைய மூன்று நிமிடப் பேச்சை எழுதிக்கொடுத்தது நான்தான். தாம்பரத்தில் உட்கார்ந்து தமிழில் யோசித்து, இந்தியில் ஆள் வைத்து எழுதி, வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'அப்படியே படியுங்கள், வேறு எதுவும் சேர்க்க வேண்டாம்' என்று வேறு சொல்லியிருந்தேன். அவர் என்ன சொல்ல விரும்பினார் என்று நான் கேட்கவே இல்லை. இருபத்திரண்டு வருஷமாக மாதாமாதம் அவருக்கு ஊக்கத்தொகை போட்டுவருகிறேன், ரெஜிஸ்டரில் அவர் எண் தெரியும், அவர் மனைவி பெயர் தெரியாது.

இதைச் சொல்லத்தான் வெட்கம்.

யோசித்துப் பார்த்தால் இது என் ஒருவன் பிழை மட்டும் இல்லை. 1902-இல் அசரியா யாழ்ப்பாணம் போனார், அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொந்தக் காசில் மிஷனெரிகளை அனுப்புவதைப் பார்த்துவிட்டு வந்து, அடுத்த வருஷமே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பமாகக் காரணமானார். வெள்ளைக்காரன் காசு இல்லாமல் நம் காசு, நம் ஆட்கள். கைப்பிடி அரிசியில் நடந்த ஊழியம் என்று நாமும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறோம், தப்பில்லை. ஆனால் அதற்குப் பிறகு வடக்கே போன நம் ஆட்கள் எத்தனை பேர் அந்த ஊர்க்காரரை ஊழியக்காரராக வைத்துக்கொண்டோம், எத்தனை பேர் சிநேகிதராக வைத்துக்கொண்டோம்? பணித்தளத்தில் நமக்கு ஒரு சம்பளம் அவர்களுக்கு ஒரு சம்பளம், கமிட்டி நம் ஊரில், தீர்மானம் தமிழில். 1910-இல் அவர் வெள்ளைக்காரர்களிடம் சொன்னதை இன்றைக்கு ஒரு மால்டோக்காரர் பாளையங்கோட்டையில் நின்று நம்மிடம் சொல்லலாம். மூன்று நிமிடத்துக்கு மேல் நாம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் விதிவிலக்கு, எனக்குத் தெரியும். நீங்கள் அவர்கள் வீட்டில் படுத்து, அவர்கள் பாஷை பேசி வாழ்ந்தவர். மால்டோவும் திராவிட மொழிதான், நமக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் நான் சிரித்திருக்கிறேன்.

மறுநாள் காலை மெயில் போடாமல் கிறித்தவக் கல்லூரி வளாகத்துக்குள் நடக்கப் போய்விட்டேன். மழைக்கு அப்புறம் காடு பச்சைப் பசேலென்று கிடந்தது, மான்கூட ஒன்று கண்ணில் பட்டது. 1938 டிசம்பரில் உலக மிஷனெரி மன்றத்தின் மாநாடு நடந்தது இங்கேதான். முதலில் சீனாவில் ஹாங்சோவில் வைப்பதாக இருந்து, ஜப்பான் படையெடுப்பால் முடியாமல் தாம்பரத்துக்கு மாற்றினார்கள். கல்லூரியே பாரிமுனையிலிருந்து இங்கே வந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. 471 பேர், 69 நாடுகள், ஏறக்குறையப் பாதிப் பேர் ஆசியா, ஆப்பிரிக்கா பக்கத்துச் சபைகளைச் சேர்ந்தவர்கள். இருபத்தெட்டு வருஷத்தில் எவ்வளவு தூரம்! அசரியாவும் இருந்தார், அப்போது தோர்ணக்கல் பிஷப். எடின்பரோவில் தலைமை வகித்த அதே ஜான் மாட்தான் இங்கேயும் தலைவர். டச்சு இறையியலாளர் கிராமர் பிற மதங்களைப் பற்றி எழுதிய தடிப் புத்தகத்தை வைத்து நம் சென்னைச் சிந்தனையாளர்கள் செஞ்சையாவும் சக்கரையும் அவரோடு மல்லுக்கு நின்றது தனிக்கதை, அதை விட்டுவிடுகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது, யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் சீனர்களும் ஜப்பானியர்களும் இதே மரங்களுக்குக் கீழே சேர்ந்து இருந்தார்கள் என்பது. ஜெர்மானியர்களும் வந்திருந்தார்கள்.

ஒன்பது மாதத்தில் உலக யுத்தம். ஜெர்மன் மிஷன்களுக்கு ஊரிலிருந்து ஒரு காசு வர வழியில்லை, மிஷனெரிகளைப் பிடித்து முகாமில் வைத்துவிட்டார்கள். அப்போது அந்த மன்றம் 'அநாதை மிஷன்கள்' என்று ஒரு நிதி திரட்டி, பல லட்சம் டாலர், எதிரி நாட்டு மிஷன்களின் பள்ளிக்கூடங்களையும் ஆஸ்பத்திரிகளையும் மூடாமல் காப்பாற்றியது. முதல் யுத்தத்தில் நம் தரங்கம்பாடிக்கு நடந்ததும் அதுதானே, ஜெர்மனியின் லைப்சிக் மிஷன்காரர்களை வெள்ளை அரசாங்கம் வெளியேற்றியபோது சுவீடன்காரர்கள் தாங்கிப் பிடித்தார்கள், 1919-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் சபை எழுந்தது. ஒப்பந்தம் போட்டு இதெல்லாம் நடக்காது, அண்ணாச்சி. ஒருவரை ஒருவர் தெரிந்திருந்ததால் நடந்தது.

இப்போதைய பெரிய மாநாடுகளைக் குறை சொல்லவில்லை. 2010-இல் கேப் டவுனில் லொசேன் என்ற உலக சுவிசேஷ இயக்கம் கூடியபோது 198 நாடுகளிலிருந்து நாலாயிரம் பேர், மேஜைக்கு ஆறு பேராக உட்கார வைத்து ஒரு வாரம் முழுக்க அதே ஆறு பேர் பேசும்படி செய்தார்கள் என்று கேள்விப்பட்டபோது, யாரோ புத்திசாலி இதை யோசித்திருக்கிறார் என்று நினைத்தேன். சீனாவிலிருந்து புறப்பட்ட வீட்டுச் சபைக்காரர்களை விமான நிலையத்திலேயே நிறுத்திவிட்டார்கள், அந்த நாற்காலிகள் காலி. அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு ஆறு நாள் உட்கார்ந்தவர்களுக்குச் சீனா இனி வெறும் புள்ளிவிவரமாக இருந்திருக்காது.

நம் பக்கம் பணம் வரும் வழி குறுகிக்கொண்டே வருவது உங்களுக்குத் தெரியும். 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்திய பிறகு, வெளிநாட்டுக் காணிக்கையை ஒரு சங்கம் வாங்கி இன்னொரு சங்கத்துக்கு மாற்றிக் கொடுக்கவே முடியாது, நிர்வாகச் செலவு இருபது சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, கணக்கு டெல்லி ஸ்டேட் பாங்கில்தான். ஆபீசில் எல்லோரும் இதைப் பற்றித்தான் புலம்புகிறோம். நானும் புலம்பினேன். இப்போது, பணம் போகாத இடத்துக்கு ஆள் போகலாமே என்று தோன்றுகிறது.

அதனால் காட்டமான மெயில் போடவில்லை. அவர்களுக்கு இரண்டு வரி மட்டும் எழுதினேன்: அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை ஜார்க்கண்டிலிருந்து போடட்டும், நீங்களும் நாங்களும் கேட்டுக்கொண்டிருப்போம். இன்னும் பதில் இல்லை. நம் கமிட்டியிலும் இதைச் சொன்னேன், இரண்டு பேர் முகம் சுளித்தார்கள்.

சகோதரருக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். அவர் முதலில் எதற்கு என்றே புரியாமல் சிரித்தார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'தாதா எப்படி இருக்கிறார்' என்று அண்ணன் உங்களைத்தான் கேட்டார். ஜனவரியில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அவர் வீட்டில்தான் தங்குவேன், மேற்பார்வைக்கு அல்ல, சும்மா. ஹவுரா வரைக்கும் டிக்கெட் போட்டாயிற்று. அங்கிருந்து பர்ஹர்வாவுக்குப் பகல் ரயில் நல்லதா, ராத்திரி ரயிலா? குளிர் எப்படி இருக்கும், இரண்டு கம்பளி போதுமா? அவர் வீட்டுக்கு என்ன வாங்கிக்கொண்டு போகலாம் என்று எழுதுங்கள். அவர் மனைவி பெயரை உங்களிடம் கேட்கப் போவதில்லை, அதை அங்கே போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் முழங்கால் இடம் கொடுத்தால் இன்னொரு டிக்கெட் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி