அந்தச் சின்னப் பக்கங்களை அழித்துவிடாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. பழைய ரேடியோ பழுது பார்ப்பது பற்றி இத்தனை வருடமாக நீ எழுதிச் சேர்த்த தளத்துக்கு வருகிறவர்கள் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டார்கள், சின்னப் பக்கங்களை எல்லாம் அழித்துவிடலாமா, இல்லை ஏஐயை வைத்து நாளுக்கு இருபது கட்டுரை ஏற்றலாமா என்று கேட்டிருந்தாய். இரண்டாவது கேள்வி எனக்கு வருத்தமாக இருந்தது, அதனால்தான் உடனே எழுதவில்லை.

நாம் முதலில் தளம் போட்ட காலத்தில், தேட வேண்டிய சொல்லை வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக நூறு தடவை ஒளித்து வைப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? சொல்லை மட்டும் எண்ணிய தேடுபொறிகள் ஏமாந்தன. கூகுள் வந்து, ஒரு பக்கத்துக்கு யார் யார் இணைப்பு கொடுக்கிறார்கள் என்று பார்த்தது. நல்ல யோசனைதான். ஆனால் இணைப்புக்கு மதிப்பு வந்ததும் அதுவே விற்பனைக்கு வந்துவிட்டது.

நான் ஒரு நிறுவனத்துக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்தது உனக்குத் தெரியும். மக்கள் எதைத் தேடுகிறார்களோ அந்தப் பட்டியல் வரும், எனக்கு ஒன்றுமே தெரியாத விஷயமாக இருந்தாலும் நாலு தளத்தைப் பார்த்து வார்த்தையை மாற்றி எழுதுவேன், ஒரே விஷயத்துக்குத் தலைப்பை மாற்றி ஆறு கட்டுரைகூடக் கொடுத்திருக்கிறேன். 2011 பிப்ரவரியில், தரமில்லாத கட்டுரைகளைத் தேடலில் கீழே தள்ளும் பாண்டா என்ற கூகுள் அப்டேட் வந்தது. அமெரிக்காவில் நடக்கும் தேடல்களில் 11.8 சதவீதத்தில் மாற்றம் தெரியும் என்று கூகுள் அப்போது சொன்னது. அந்த வேலை போயிற்று. போகத்தான் வேண்டும், அந்தக் கட்டுரைகளைப் படித்து யாரும் எதையும் சரிசெய்திருக்க முடியாது. அடுத்த வருடம் ஏப்ரலில், போலி இணைப்புகளைப் பிடிக்கும் பெங்குயின் அப்டேட் வந்தபோது, காசு கொடுத்து இணைப்பு வாங்கியவர்களே அதையெல்லாம் எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

இதில் நான் யோசித்தது என்னவென்றால், ஒரு பக்கம் நல்லதா என்பது தேடுபொறிக்கு நேராகத் தெரியாது, சில அடையாளங்களை வைத்துத்தான் கணிக்கிறது, அடையாளம் இன்னதென்று வெளியே கசிந்த உடனே அதை மட்டும் தயாரித்துக் கொடுக்க ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. நீளமான கட்டுரைதான் மேலே வரும் என்று பரவியது. ஃப்யூஸ் மாற்றுவது எப்படி என்று தேடினால், ஃப்யூஸ் என்றால் என்ன, அது எத்தனை வகை என்று பத்துப் பத்தி தாண்டித்தான் பதில் இருக்கிறது. இத்தனைக்கும் இவ்வளவு வார்த்தை வேண்டும் என்று எங்களிடம் எந்தக் கணக்கும் இல்லை என்று கூகுள் எழுதியே வைத்திருக்கிறது. 2022 டிசம்பரில், தேடல் முடிவுகளை மதிப்பிடும் ஆட்களுக்குக் கூகுள் கொடுக்கும் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் 'அனுபவம்' என்பதையும் சேர்த்தார்கள். பொருளைக் கையில் எடுத்தே பார்க்காத தளங்களில் எல்லாம் 'நாங்கள் சோதித்துப் பார்த்தோம்' என்ற வரி முளைத்தது.

எனக்குக் கோபம் வருவது, உதவாத பக்கங்களைக் கீழே தள்ளக் கூகுள் கொண்டுவந்த 2023 செப்டம்பர் அப்டேட்டை நினைத்தால்தான். உன்னைப் போல உண்மையாக எழுதிய எத்தனையோ சின்னத் தளங்கள் அதில் அடிவாங்கின. போலியை வடிகட்டும் சல்லடையில் அசலும் மாட்டிக்கொள்கிறது, எங்கே தப்பு என்று கேட்க ஆளும் இல்லை.

சரி, உன் ஏஐ கேள்விக்கு வருகிறேன். 2024 மார்ச்சில் வந்த கூகுளின் புது ஸ்பேம் விதிகளில் ஒன்று நேராக இதைத்தான் சொல்கிறது: தேடலில் மேலே வருவதற்காகவே கட்டுரைகளை மொத்தமாகத் தயாரிப்பது ஸ்பேம், மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும். காலாவதியான டொமைனை, அதாவது தள முகவரியை, வாங்கி அதன் பழைய பெயரில் பிழைப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. இது எனக்கே நடந்தது. நான் புதுப்பிக்காமல் விட்ட டொமைனை யாரோ வாங்கிச் சூதாட்ட விளம்பரக் கட்டுரைகளால் நிரப்பிவிட்டார்கள். நம் பழைய பக்கங்களை மதித்து நல்லவர்கள் கொடுத்த இணைப்புகள்தான் அதற்கும் பலமாக இருந்தன. ஒரு ஆசிரியர் தன் மாணவர்களுக்காகக் கொடுத்திருந்த இணைப்பும் அதில் உண்டு. அதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உதவாத பக்கங்களை எடுத்துவிட்டால் மற்றவற்றுக்கு நல்லது என்று கூகுள் சொன்னதைப் படித்துத்தான் நீ பயந்திருப்பாய். 'உதவாத' என்பதற்குச் 'சின்ன' என்று அர்த்தமில்லையே. நீ தொட்டே பார்க்காத ஹெட்ஃபோன்களை வரிசைப்படுத்தி எழுதினாயே, அந்த மூன்று பக்கங்களை வேண்டுமானால் எடுத்துவிடு. ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்துபோனால் ரேடியோவில் வரும் உறுமல் பற்றி எட்டே வரியில் எழுதியிருக்கிறாய் பார், அதில் கை வைக்காதே. அந்த எட்டு வரியை ரேடியோவைத் திறந்து பார்த்தவன் மட்டும்தான் எழுத முடியும்.

அப்புறம் ஒரு விஷயம். தேடலில் உன் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் போய், முடிவுகளில் உன் இடம் கீழே போயிருக்கிறதா, இல்லை இடம் அப்படியே இருக்க கிளிக் மட்டும் குறைந்திருக்கிறதா என்று பார். 2024 மே மாதத்திலிருந்து கூகுள் பல தேடல்களுக்கு ஏஐ சுருக்கத்தை மேலேயே காட்டுகிறது, அதைப் படித்துவிட்டு ஆட்கள் உள்ளே வராமலே போய்விடுகிறார்கள். அப்படியென்றால் நீ எதை மாற்றி எழுதினாலும் பழைய எண்ணிக்கை வராது, எழுத்தில் குறை என்று நீ மனசைப் போட்டு உலைத்துக்கொள்ளவும் வேண்டாம். கடைசி பதினாறு மாதக் கணக்கை இறக்கி எனக்கு அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்க்கிறேன். அதுவரை எதையும் அழிக்காதே.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி