எங்கள் அப்பாவை வழியனுப்பிய அனைவருக்கும் நன்றி நவிலல்

அன்புடையீர்,

எங்கள் அம்மாவின் அன்புத் துணைவரும் எங்கள் குடும்பத்தின் தலைவருமாகிய அப்பா இறைவனடி சேர்ந்த செய்தி கேட்டு யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியின் பல ஊர்களிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் வந்து துயரில் பங்குகொண்டவர்களுக்கும், வர இயலாமல் தொலைபேசியில் எங்களோடு அழுதவர்களுக்கும், கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியைகள் நிறைவெய்திய இவ்வேளையில் எங்கள் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கின்றோம். வழமையான துண்டுப் பிரசுரத்தில் அடங்காத சில நன்றிகள் எங்களிடம் இருப்பதால் இம்மடலைச் சற்று விரிவாகவே எழுதுகின்றோம்.

அப்பாவை அறிந்த எவரும் அவரை அவருடைய காரோடு சேர்த்தே அறிவார்கள். 1953ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில், லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் உருவான ஒஸ்ரின் ஏ40 சமர்செற் அது. 1952 முதல் 1954 வரை மட்டுமே செய்யப்பட்ட அந்த வகையின் உருண்ட முகப்பையும், ஸ்ரியரிங் தண்டிலேயே பொருத்தப்பட்ட கியரையும், திரும்பும்போது பக்கத்தூணிலிருந்து எழும் கைகாட்டியையும் பற்றி அவர் பேசத் தொடங்கினால் தேநீர் ஆறிப்போகும். திருமணமான புதிதில், பழைய காராக, அம்மாவின் சம்மதத்தோடு வாங்கினார். வீட்டில் யாருக்கு என்ன தேவை என்பதை முதலில் கேட்டுவிட்டுத்தான் காருக்கு உதிரிப்பாகம் வாங்குவார் என்பதை அம்மா இன்றும் சொல்கின்றார். பெண்பிள்ளைகளாகிய எங்களுக்கும் அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்த அதே பொறுமையோடு அந்தக் கியரைப் பழக்கினார். ஊரில் சிலர் முகம் சுளித்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

1990இல் போரினால் பொருளாதாரத் தடை வந்து யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் நின்றபோது, அந்தக் கார் எங்கள் அயலுக்கே உரியதாயிற்று. பெற்றோலுக்குப் பதிலாக மண்ணெண்ணெய் ஊற்றியபோது, அமுக்க விகிதம் கூடிய (எரிபொருளைக் கூடுதலாக அமுக்கி எரிக்கும்) புதிய இயந்திரங்கள் இடித்து இடித்து நின்றுவிட, பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களுமே தாக்குப்பிடித்தன. ஆனால் மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே சிறு போத்தலில் காத்துவைத்திருந்த பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் சில துளிகள் விட்டு, பற்றறி கிடைக்காத அக்காலத்தில் முன்பக்கத்துக் கைப்பிடியால் சுழற்றி இயந்திரத்தை எழுப்பி, அது நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். எரியாமல் எஞ்சும் மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி ஒயிலில் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும் என்பதால், ஒவ்வொரு காலையும் ஒயிலை விரலிடையே தேய்த்துப் பார்ப்பார். கரி பிடித்த பிளக்குகளைச் சுரண்டித் துடைப்பது பிள்ளைகளாகிய எங்கள் பொறுப்பு. ஊரடங்கு நேரத்திலும் ஷெல் விழுந்த இரவுகளிலும் பிரசவத்துக்குத் துடித்த தாய்மாரையும் காயப்பட்டவர்களையும் ஆசுபத்திரிக்குக் கொண்டுசென்றபோது அவர் எவரிடமும் வாடகை பெற்றதில்லை. கொடுக்க முடிந்தவர்கள் தந்த மண்ணெண்ணெயை அடுத்தவருக்கென்று எடுத்துவைப்பார். அந்தப் பயணங்களில் பிறந்த பிள்ளைகளுள் சிலர், இன்று தாமே தாய் தந்தையராகி, எங்கள் முற்றத்தில் பந்தல் போட்டதையும் பாடையைத் தோள்கொடுத்துச் சுமந்ததையும் நாம் என்றும் மறவோம். உங்களுக்கு எங்கள் முதல் நன்றி.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் போர் நெருங்கி வலிகாமமே இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலம் நோக்கி நகர்ந்த இரவில், அப்பம்மாவையும் நடக்க இயலாத அயலவர் இருவரையும் ஏற்றிக்கொண்டு அப்பா காரை நடக்கின்றவர்களின் வேகத்திலேயே ஓட்டினார். அம்மாவும் நாங்களும் கூடவே நடந்தோம். பாலத்துக்கு அப்பாலுள்ள தென்மராட்சிப் பகுதியில் எம்மை ஏற்றுக்கொண்ட குடும்பத்தினர் எங்களுக்குத் தங்கள் விறாந்தையையும், காருக்கு மாட்டுக் கொட்டிலின் ஒரு பக்கத்தையும் தந்து, வானத்திலிருந்து தெரியாதபடி பனையோலையால் மூடியும் உதவினார்கள். அவ்வீட்டுப் பெரியவர் தள்ளாத வயதிலும் இறுதிக்கிரியைக்கு வந்திருந்தார். ஐயா, உங்கள் கால்களில் விழுந்து நன்றி சொல்கின்றோம்.

கார் இன்றுவரை ஓடுவது அப்பாவின் கைவண்ணத்தால் மட்டும் அன்று. கிடைக்காத பாகங்களைத் தேய்ந்துபோன பழையதை அளவாக வைத்து லேத்தில் கடைந்து கொடுத்த தொழிலாளர்களுக்கும், தகரம் ஒட்டிச் சாயம் பூசிய கராஜ் தம்பிமாருக்கும், 2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தபின் இங்கிலாந்திலிருந்து பிரேக் இறப்பர்களையும் கஸ்கற்றுகளையும் தேடித்தேடி வாங்கி அனுப்பிய மைத்துனருக்கும் இந்த நன்றி உரியது. கூலி எவ்வளவு என்று கேட்டால் நீங்கள் சிரித்துக்கொண்டே மறுமுறை பார்ப்போம் என்பீர்கள். அப்பா அதனை ஒரு கொப்பியில் எழுதிவைத்துப் பொங்கலுக்கு முன்னர் தீர்த்துவிடுவார் என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்தக் கொப்பி எங்களிடம் இருக்கின்றது. அதிலுள்ள கடைசிக் கணக்குகளையும் நாம் தீர்ப்போம். தயவுசெய்து மறுக்க வேண்டாம்.

2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டையில் வாரத்துக்குக் கிடைத்த 20 லீற்றர் பெற்றோலைப் பக்கத்து வீட்டு அண்ணரின் இரத்தச் சுத்திகரிப்புப் பயணங்களுக்கென்றே ஒதுக்கினார். அதே அண்ணரின் பிள்ளைகள்தாம், அப்பா நோயுற்றுக் கிடந்த நாட்களில் இரவில் எங்களை உறங்கவைத்துவிட்டு அவர் தலைமாட்டில் விழித்திருந்தார்கள். ஆசுபத்திரி விடுதியில் அவரைப் பராமரித்த வைத்தியர்களும் தாதியரும், வலி குறைந்த வேளைகளில் அவருடைய கார்க் கதைகளைப் பொறுமையோடு கேட்டார்கள். மருந்துக்கு நிகராக அது அவருக்கு உதவியது என்பது எங்கள் நம்பிக்கை. குருதி தந்தவர்களுக்கும், நாள்தோறும் சோறும் இடியப்பமும் கொண்டுவந்த சகோதரிகளுக்கும் எங்கள் நன்றிகள்.

இறுதி ஊர்வலத்தில் தத்தம் ஒஸ்ரின், மொறிஸ் கார்களைக் கழுவித் துடைத்து வரிசையாகக் கொண்டுவந்த அப்பாவின் நண்பர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. எவரும் உங்களை அழைக்கவில்லை, நீங்களாகவே வந்தீர்கள். கிரியைகளை நடாத்திய குருமாருக்கும், தேவாரம் ஓதியவர்களுக்கும், மலர்மாலையும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளும் சாத்தியவர்களுக்கும், கல்வெட்டு எனும் நினைவு நூலை அச்சிட்டுத் தந்தவர்களுக்கும் நாம் கடமைப்பட்டுள்ளோம்.

காரை விலைக்குக் கேட்டுப் பலர் அன்போடு பேசினீர்கள். அதனை விற்பதில்லை என்று அம்மா முடிவு செய்துள்ளார். தங்கை அதனைப் பொறுப்பேற்று ஓட்டுவார். ஆசுபத்திரிக்கோ கோயிலுக்கோ போக வண்டியின்றி நிற்கும் அயலவர்கள் முன்புபோலவே எங்கள் படலையைத் தட்டலாம். நேரம் பார்க்க வேண்டியதில்லை.

இங்ஙனம்,
மனைவி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்