மல்லாட்டை வரப்பு ஆமணக்கும் கொய்யாப் பிஞ்சும்: கடலூர் மாவட்டக் களப்பணியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உதவி வேளாண்மை அலுவலர்களுக்கும் உதவி தோட்டக்கலை அலுவலர்களுக்கும் வணக்கம்.

மார்கழிப் பட்டத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறவரிடம் வரப்போரம் ஒரு வரிசை ஆமணக்கு ஊன்றச் சொல்கிறீர்கள். நல்ல யோசனைதான். மல்லாட்டை இலையைத் தின்னும் புரோடீனியாப் புழுவின் தாய் அந்துப்பூச்சி, ஆமணக்கின் அகல இலையைத் தேடி வந்து முட்டையிடும். முட்டைக் குவியலோடோ, குஞ்சுப் புழுக்கள் சல்லடையாக அரித்த நிலையிலோ இலையைக் கிள்ளி எடுத்துவிட்டால் மல்லாட்டை தப்பும். ஆனால் மல்லாட்டையைப் பிடுங்கிய பிறகு வரப்பில் நிற்கிற ஆமணக்கை என்ன செய்வது? பயிர் முடிந்ததும் அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

மார்கழியில் விதைத்த மல்லாட்டை பங்குனி, சித்திரையில் வீட்டுக்கு வந்துவிடும். ஆமணக்கு அப்போதுதான் பச்சைக் காய் பிடித்துக் குலை குலையாக நிற்கும். முதல் குலை முற்றும்போது பக்கக் கிளையில் அடுத்த குலை, அது முற்றுவதற்குள் அதற்கடுத்தது என்று வைகாசி வரை ஓடும். பக்கத்துக் கொல்லையில் மாசி, பங்குனியில் பூத்த கொய்யா பிஞ்சும் காயுமாக இருப்பதும் இதே நாட்களில்தான். புரோடீனியா இல்லாமல், ஆமணக்குக் காயையே துளைத்து வளர்கிற வேறொரு புழு உண்டு. ஆமணக்குக் காய் காயக் காய, அந்தப் புழுவிலிருந்து பிறந்த அந்து மென்மையான வேறு காயைத் தேடிப் போகிறது. கேப்பர் மலைச் செம்மண்ணில் முந்திரி, பலா, கொய்யா, மல்லாட்டை எல்லாம் ஒரே வரப்பைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும்போது அது வெகுதூரம் பறக்க வேண்டியதில்லை.

பயிர்ப் பாதுகாப்புக் கையேட்டில் ஆமணக்குப் பக்கத்தில் ‘காய்த்துளைப்பான்’ என்றும் கொய்யாப் பக்கத்தில் ‘பழத்துளைப்பான்’ என்றும் இருப்பது ஒரே பூச்சி. கானோகெத்தஸ் பங்க்டிஃபெராலிஸ். பழைய நூல்களில் டைகோகுரோசிஸ் என்று இருக்கும். வைக்கோல் மஞ்சள் இறக்கையில் கறுப்புப் புள்ளி தெளித்த சின்ன அந்து. இரண்டு பெயர் இருப்பதால் ஒன்று வேளாண்மைத் துறையின் பூச்சியாகவும் மற்றொன்று தோட்டக்கலைத் துறையின் பூச்சியாகவும் ஆகிவிட்டது. முட்டை முதல் அந்து வரை சுமார் ஒரு மாதம். ஆகவே பிடுங்காமல் இரண்டு மாதம் விட்ட ஆமணக்கில் இரண்டு தலைமுறை தேறிவிடும்.

ஆமணக்கை நடவே கூடாது என்று சொல்லவரவில்லை. பொறியாக வேலை செய்வது இலை, காய் அல்ல. அதனால் குலையை வரவிடாமல் கிள்ளினாலும் பொறியின் பலன் குறையாது. சதுரமான ஓர் ஏக்கருக்கு நான்கு வரப்பும் சேர்ந்து 830 அடிக்குச் சற்று மேல் வரும். 5 அடிக்கு ஒரு செடி என்றால் சுமார் 167 செடிகள். விதைத்து 40 நாளுக்கு மேல் ஆனதும் வாரம் ஒருமுறை சுற்றி வந்து, பூங்குலை விரல் நீளம் இருக்கும்போதே ஒடித்துப் போடலாம். எப்படியும் முட்டைக் குவியல் பார்க்க நடக்கிற நடைதான், தனி ஆள்கூலி கிடையாது. ஒருமுறை ஒடித்ததோடு நிறுத்தினால் பயனில்லை. நுனி போனதும் பக்கக் கிளைகள் வேகமாக வரும், அவை ஒவ்வொன்றும் ஒரு குலையோடு வரும்.

நாலு காசு கிடைக்குமே என்று கொட்டைக்காக விடுகிறவர்களும் உண்டு. அதில் தவறில்லை. அவர்கள் நூலாம்படையும் புழு எச்சமும் காய்களைச் சேர்த்து ஒட்டியிருக்கிற குலையை மட்டும் வாரந்தோறும் அறுத்து அழிக்கட்டும். அறுவடைக் காயைக் கொய்யாக் கொல்லை நிழலில் கொட்டிக் காயவைக்கக் கூடாது. காய்ந்துவரும் காயிலிருந்து புழு வெளியேறி, சருகிலும் காய்த்தோலிலும் கூட்டுப்புழு ஆகிவிடும். வெட்டவெளியில் தார்ப்பாயில் காயவைத்து, கொட்டை எடுத்ததும் தோலைக் குவித்து வைக்காமல் எரித்துவிடுவது நல்லது.

மல்லாட்டை பிடுங்கும் அன்றைக்கே ஆமணக்கையும் பிடுங்கச் சொல்லுங்கள். காய் பறிக்க நீர் விட்டு ஈரமாக இருக்கும் மண்ணில் வேரோடு வரும். ஒரு வாரம் கழித்தால் மண் இறுகிவிடும், அரிவாளால் வெட்டுவார்கள், அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். பிடுங்கிய செடியைக் காயோடு வேலியில் சாத்துவதும் வழக்கம். முக்கால்வாசி வளர்ந்த புழுவுக்கு அந்த வாடும் காயே போதும், அது பிழைத்துக்கொள்ளும். காயை உருவி அழித்த பிறகுதான் செடியைப் போட வேண்டும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடச் சொல்லிவிடாதீர்கள், ஆமணக்குக் கொட்டை நஞ்சு. தெருவோரத்திலும் ஆற்றங்கரையிலும் தானாக முளைத்து ஆண்டு முழுக்கக் காய்க்கிற ஆமணக்கு வேறு இருக்கிறது. எல்லாவற்றையும் ஒழிக்க முடியாது. கொல்லை வேலியையும் அதை ஒட்டிய வாய்க்கால் கரையையுமாவது சுத்தம் செய்ய முடியும்.

இனி கொய்யாவின் பக்கம். ‘புழு விழுந்துவிட்டது’ என்று விவசாயி சொன்னதும் மருந்துச்சீட்டு எழுதுவதற்கு முன் நாலு காயைப் பிளந்து பாருங்கள். காய்த் தோலில் துளை, துளையின் வாயில் செம்பழுப்பு எச்ச மணிகள் பட்டு இழையில் தொங்குகின்றன, உள்ளே இளஞ்சிவப்பு உடலில் கரும்புள்ளி வரிசையோடு ஒற்றைப் புழு, தொட்டால் பின்னோக்கி ஓடுகிறது என்றால் இது நம்முடைய ஆள். துளை வட்டமாக, நாற்றமடிக்கும் எச்சத்தோடு, உள்ளே குட்டையான பருத்த கரும்பழுப்புப் புழு என்றால் அது மாதுளை வண்ணத்துப்பூச்சி. அதற்கு ஆமணக்கு வேண்டாம், புளி, விளா, நெல்லிக் காய்கள் போதும். துளையே தெரியாமல் ஊசி குத்திய தழும்பு மட்டும் இருந்து, பிளந்தால் காலில்லாத வெள்ளைப் புழுக்கள் கூட்டமாக நெளிந்தால் அது பழ ஈ. மூன்றுக்கும் வழி வேறு. ஆமணக்கைப் பிடுங்குவதால் குறையப்போவது முதல் ஒன்று மட்டுமே.

இரண்டு காய் ஒட்டும் இடத்திலும், காயின் மேல் இலை படிந்திருக்கும் இடத்திலும்தான் இந்தப் புழு பெரும்பாலும் உள்ளே நுழைகிறது. கொத்தாகப் பிடித்த பிஞ்சில் ஒன்றை விட்டு மற்றதைக் கழித்தால் பாதிப் பிரச்சினை தீரும். உறை போடுவதானால் எலுமிச்சை அளவிலேயே போட வேண்டும். துளைத்த காய்க்கு உறை போட்டால் புழுவுக்கு வீடு கட்டிக்கொடுத்த மாதிரி. நெகிழி உறை என்றால் கீழ் மூலைகளில் துளை இருக்கட்டும், இல்லாவிட்டால் வேர்த்துக் காய் அழுகும்.

பூக்கும்போது ஒருமுறை, பிஞ்சு பிடித்ததும் ஒருமுறை 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். 5 கிலோ பருப்பை இடித்து 10 லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, 100 கிராம் காதி சோப்பு கரைத்து மாலையில் அடிக்க வேண்டும். எந்த மருந்தானாலும் முட்டையிலும், பொரித்து இன்னும் உள்ளே நுழையாத புழுவிலும் பட்டால்தான் உண்டு. எச்சம் தள்ளத் தொடங்கிய பிறகு அடிப்பது தோலுக்கு அபிஷேகம். உதிர்ந்த காயையும் துளைத்த காயையும் வாரம் இருமுறை பொறுக்கி, உர மூட்டையின் உள்ளுறையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் போடலாம், அல்லது இரண்டடிக் குழியில் புதைக்கலாம். மரத்தடியில் அரையடி மண் தள்ளி மூடுவது கணக்கில் சேராது.

தப்பான செடியின் மேல் பழி போடுவதும் நடக்கிறது. பலாப் பிஞ்சையும் குருத்தையும் துளைப்பது டயஃபேனியா என்ற வேறு அந்து, அது பலாக் குடும்பத்தோடு நின்றுவிடும். முந்திரிப் பழமும் கொட்டையும் சேரும் இடத்தில் துளைக்கிற சிவந்த புழுவும் வேறு, அதற்கு முந்திரியே போதும். பண்ருட்டிப் பக்கம் பலாவுக்காக ஆமணக்கை வெட்டினால் வெட்டிய கூலிதான் நஷ்டம். மஞ்சள், இஞ்சி பற்றியும் ஒரு சொல். பழைய பட்டியல்களில் அவை இந்தப் பூச்சியின் உணவுச் செடிகளாக இருக்கும். ஆனால் அதே இஞ்சிக் குடும்பத்து ஏலக்காயைத் துளைக்கும் இந்திய அந்து தனி இனம் என்று 2018-இல் பிரித்து, கானோகெத்தஸ் சஹ்யாத்ரியென்சிஸ் என்று பெயரிட்டுவிட்டார்கள். எனவே பழைய பட்டியலை மட்டும் பார்த்து, பொங்கலுக்கு மஞ்சள்கொத்து போடுகிறவரிடம் கொய்யாவைக் காட்டி மிரட்ட வேண்டாம்.

உங்களிடம் கேட்பது இரண்டு. மல்லாட்டைக்கு வரப்பு ஆமணக்கைப் பரிந்துரைக்கும் துண்டறிக்கையில் ‘குலையை ஒடிக்கவும், மல்லாட்டையோடு வேரோடு பிடுங்கவும்’ என்று ஒரு வரி சேருங்கள். பங்குனிக் கடைசியில், மல்லாட்டை பிடுங்கும் வாரத்தில், இரண்டு துறைக்காரர்களும் ஒரே நாளில் ஒரே வரப்புக்கு வாருங்கள். ஒருவர் ஆமணக்குக் குலையைப் பிளந்து பார்க்கட்டும், மற்றவர் வேலிக்கு அந்தப் பக்கம் கொய்யாப் பிஞ்சைப் பிளக்கட்டும்.

இப்படிக்கு,
கடலூர் வட்டார மல்லாட்டை, கொய்யா விவசாயிகள்