தகரப் பெட்டி தந்த பெரியவருக்கும் மற்றவர்களுக்கும்

அயர்லாந்துக் குடியரசின் வடமேற்கில் இருக்கும் டொனிகால் மாவட்டத்தில், கத்தோலிக்கர் நடுவே சிறுபான்மையாக வாழும் புராட்டஸ்டன்ட் மக்களின் குட்டிக் கட்சியைப் பற்றி நான் எழுத ஆரம்பித்த கட்டுரை ஒருவழியாக முடிந்துவிட்டது. அங்கே லெட்டர்கென்னி நகரத்துக்கு வேலைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகியும் 'டொனிகால் புரோகிரஸிவ் பார்ட்டி' என்ற பெயர் என் காதில் விழுந்ததே இல்லை. 1991 மாவட்டக் கவுன்சில் தேர்தல் முடிவுகளில், ஃபியன்னா ஃபாயில், ஃபினே கேல் என்ற பெரிய கட்சிகளின் வரிசைகளுக்குக் கீழே ஒற்றை இடத்தோடு அது ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, இவர்கள் யாரப்பா என்று விசாரிக்கப் போனேன். அப்படித்தான் இத்தனை பேருக்குக் கடன்பட்டேன்.

நூலகத்து அம்மா, பழைய செய்தித்தாள்களின் பிலிம் சுருள்களை எடுத்து வந்து கொடுத்ததோடு, இயந்திரத்தில் மாட்டத் தெரியாமல் நான் தலைகீழாக ஓட்டியபோது சிரிக்காமல் சரிசெய்தும் கொடுத்தீர்கள். நன்றி. என்னை ராஸ்நோலா கடற்கரைக்குக் காரில் கூட்டிப்போய், புராட்டஸ்டன்ட்களின் ஆரஞ்சு சங்கம் நடத்தும் ஊர்வலத்தைக் காட்டிய நைட் டியூட்டித் தோழிக்கும் நன்றி. நீங்கள் கத்தோலிக்கர். வருடா வருடம் போவேன், பேண்டு வாத்தியம் பிடிக்கும் என்றீர்கள். வடக்கே பெல்ஃபாஸ்டில் இரு மதத்தாரும் மோதிக்கொண்டதைப் பற்றிப் படித்துவிட்டு வந்த எனக்கு அந்த ஒரு பதிலே பாதிக் கட்டுரை.

ராஃபோ என்ற ஊர்ப் பக்கத்துப் பெரியவருக்குத்தான் நீளமாக எழுத வேண்டும். ஐயா, முதல் தடவை வந்தபோது வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டீர்கள். தலையைக் குனிந்து வாழப் பழகிய கூட்டம், யாரோ வந்து கேட்டால் சட்டென்று பேசிவிடாது என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. மூன்றாம் தடவை தேநீர் வந்தது. அதற்கடுத்த தடவை, விதை உருளைக்கிழங்கு மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளி மேசையில் கொட்டி, ஓட்டு எண்ணுவதைக் காட்டினீர்கள். ஆறு இடங்கள் உள்ள தொகுதி என்றால் ஏழில் ஒரு பங்குக்குச் சற்று மேலே இருந்தாலே ஒருவர் ஜெயித்துவிடலாம். இங்கே வாக்காளர் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடுவார்; முதல் விருப்பத்தில் குறைந்தால், பிறர் போட்ட இரண்டாம், மூன்றாம் விருப்பம் வந்து சேரும். ஆகவே சிதறாமல் ஒரே ஆளுக்குப் போட்டால் சிறுபான்மைக்கும் ஒரு நாற்காலி உண்டு. இதை நான் இணையத்தில் நாலு தடவை படித்தும் விளங்கவில்லை, உருளைக்கிழங்கில் விளங்கியது.

அதைவிட முக்கியம், எங்கள் வேலை பிரசாரம் இல்லை, வாக்காளர் பட்டியல்தான் என்று நீங்கள் சொன்னது. பதினெட்டு வயதான பிள்ளையின் பெயர் சேர்ந்ததா, கல்யாணமாகிப் போன பெண்ணின் பெயர் எந்த ஊரில் இருக்கிறது என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்த கட்சி. பெயரில் மதமே இல்லாததும், அந்த அடக்கத்தின் பகுதிதான் என்று எனக்குப் படுகிறது. முற்போக்கு என்று ஏன் வைத்தீர்கள் என்று கேட்டதற்கு மட்டும் நீங்கள் பதில் சொல்லவே இல்லை!

என் முதல் வரைவில், இவர்கள் பிரிட்டன் பக்கம் என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். தேவாலயக் கணக்கு பார்க்கும் அன்பர் அதை அடித்துவிட்டு, ஓரத்தில் 1912, 1920 என்று இரண்டு வருடங்களை எழுதித் தந்தார். 1912இல், அயர்லாந்துக்குத் தன்னாட்சி கூடாது என்று வடக்குப் பகுதியான அல்ஸ்டரில் எடுத்த உறுதிமொழியான அல்ஸ்டர் உடன்படிக்கையில் டொனிகால்காரர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். 1920இல், பிரிட்டனோடு இருக்கப்போகும் வட அயர்லாந்துக்கு அல்ஸ்டரின் ஒன்பது மாவட்டங்களில் ஆறு போதும் என்று, பிரிட்டனோடு சேர்ந்திருக்க விரும்பிய யூனியனிஸ்டுகளின் தலைமையே முடிவெடுத்தது. டொனிகால், கேவன், மொனகன் மூன்றும் கைவிடப்பட்டன. சொந்தக்காரர்களே விட்டுவிட்டுப் போனபின் டப்ளின் அரசாங்கத்தோடுதானே வாழ வேண்டும்? அப்படியும் மேஜர் மைல்ஸ், அவருக்குப் பின் 1943 முதல் 1961 வரை வில்லியம் ஷெல்டன் என்று, பெரும்பாலும் சுயேச்சைகளாகவே டப்ளின் நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அந்த வரியை அடிக்காமல் விட்டிருந்தால் கட்டுரை பொய்யாகியிருக்கும். நன்றி ஐயா.

பிழை திருத்திய தம்பிக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தேடாமல் பொறுத்துக்கொண்ட வீட்டுக்காரருக்கும் நன்றி.

பெரியவருக்கு ஒரு கடைசி வார்த்தை. நீங்கள் நம்பித் தந்த தகரப் பெட்டியில் எல்லாத் துண்டறிக்கைகளும் வரிசையாகத்தான் இருக்கின்றன, எண்ணிப் பார்த்துவிட்டேன். வரும் சனிக்கிழமை கொண்டுவருகிறேன். மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஒட்டி, மழையில் பாதி கிழிந்த அந்த ஒன்றை மட்டும் நான் வைத்துக்கொள்ளலாமா?