கணினிப் பொறியியல் சேருகிறவர்களுக்கு முதலில் வேண்டியது பென்சில்

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினிப் பொறியியல் சேரும் முன் எப்படித் தயாராவது என்று உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த லேப்டாப் வாங்குவது, எந்தெந்த புரோகிராம் மொழியைக் கற்பது என்பதிலேயே முக்கால் பக்கம் போய்விட்டது. முதலாண்டு லேபில் 11 வருடமாக நிற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அங்கே திணறுகிற பிள்ளைகள் யாரும் நல்ல லேப்டாப் இல்லாததால் திணறவில்லை.

பைத்தான் முடித்தேன், ஜாவா முடித்தேன் என்று வருவார்கள். சரி, 13-ஐ இரும எண்ணாக, அதாவது 0, 1 மட்டும் வைத்து எழுது என்றால் கை போனுக்குப் போகும். இட மதிப்புகள் 8, 4, 2, 1; எட்டும் நாலும் ஒன்றும் சேர்ந்தால் 13, இரண்டு வேண்டாம், ஆகவே 1101, அவ்வளவுதான். இதை ஒரு வாரம் தாளில் எழுதிப் பழகியிருந்தால், மைனஸ் எண்களுக்கும் இடம் விட்ட எட்டு பிட்டில் (எட்டு இரும இலக்கங்களில்) 127-உடன் ஒன்றைக் கூட்டும்போது ஏன் மைனஸ் 128 வந்து நிற்கிறது என்று தானாகவே பிடிபட்டிருக்கும். அதே மாதிரி பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பார்க்கட்டும், 0.30000000000000004 என்று வரும். கணினி கெட்டுவிட்டது என்று நினைக்காமல் ஏன் இப்படி என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொள்கிற பிள்ளைக்கு இந்தப் படிப்பு கண்டிப்பாகப் பிடிக்கும்.

அப்புறம், பெயரிலேயே பொறியியல் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. இதில் புரோகிராம் எழுதுவது ஒரு பாதிதான், மீதி மின்சுற்று, லாஜிக் கேட் (0, 1-ஐ வாங்கி 0 அல்லது 1 தரும் சின்னச் சுற்று), பிராசசர் உள்ளே நடப்பது எல்லாம். ஓம் விதியைப் பள்ளியோடு மூட்டை கட்டிவிட்டு வருகிறவர்களுக்கு முதல் செமஸ்டரிலேயே அதிர்ச்சி காத்திருக்கிறது. இரண்டு உள்ளீடும் 1 ஆனால் மட்டும் 0 தரும் நேண்ட் கேட் என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லா கேட்டையும் செய்துவிடலாம். நான்கு நேண்டில் ஒரு எக்ஸார், அதாவது இரண்டு உள்ளீடும் வேறுபட்டால் மட்டும் 1 தரும் கேட், வரும். எப்படி என்று விடையைப் பார்க்காமல் வரைந்து பாருங்கள், ஒரு மாலை நேரம் போவதே தெரியாது. உண்மை, பொய் என்ற இரண்டை வைத்து கணித அறிஞர் ஜார்ஜ் பூல் 19-ஆம் நூற்றாண்டில் போட்ட கணக்கை மின்சுவிட்சுகளால் செய்துவிடலாம் என்று அமெரிக்க மாணவர் கிளாட் ஷானன் 1937-இல் முதுகலை ஆய்வேட்டில் காட்டினார், அப்போது அவருக்கு வயது 21. இந்தக் கதையை முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தப் பாடத்தை யாரும் வெறுமனே உருப்போட மாட்டார்கள்.

கணிதத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரே வரி. எனக்கு அதுதான் பெரிய வருத்தம். கணங்கள், வரிசைமாற்றம், அணிகள், மடக்கை (லாகரிதம்), தொகுத்தறிதல், இவற்றைத்தான் தூசி தட்டி வைக்க வேண்டும். வரிசைப்படுத்திய பத்து லட்சம் பெயர்களில் ஒன்றை, ஒவ்வொரு முறையும் பாதியைத் தள்ளிக்கொண்டே போனால் 20 முறை பார்ப்பதற்குள் கண்டுபிடித்துவிடலாம், அந்த 20 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மடக்கையில்தான் போய் முடியும்.

மொழி ஒன்று போதும். எது என்று சண்டை போட வேண்டாம், சி ஆனாலும் பைத்தான் ஆனாலும் சரி. ஆனால் ஒரு சின்ன புரோகிராமையாவது, ஒரு கால்குலேட்டரோ எண் கண்டுபிடிக்கும் விளையாட்டோ, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தானே எழுதி, பிழை வந்தால் அந்தச் சிவப்பு எழுத்துகளை முழுசாகப் படித்துத் தானே திருத்தியிருக்க வேண்டும். இப்போது பிழை வந்த நொடியே அதை அப்படியே ஏஐ-யிடம் ஒட்டிவிடுகிறார்கள், அது திருத்தியும் கொடுத்துவிடுகிறது, தேர்வு அறையில் பக்கத்தில் அது இருக்காதே!

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பக்கத்தில் லேப்டாப் பட்டியல் போடும் இடத்தில் வாரம் ஒரு லாஜிக் புதிர் போடுங்கள். விடையை மட்டும் அடுத்த வாரம் போடுங்கள், தலைகீழாகக் கூட அதே பக்கத்தில் அச்சடித்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
லேபில் நிற்கும் ஒரு வாசகன்