கறை படிந்த கட்டமும் 1960-இன் கணிதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் தெரு டீக்கடையின் க்யூஆர் அட்டையில் எண்ணெய்க் கறை, நடுவே கீறல் வேறு. ஆனாலும் பணம் சரியாகப் போய்ச் சேருகிறது (டீதான் சில நாள் சரியாக இருப்பதில்லை). காரணம், 1960-இல் இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் என்ற இரு அமெரிக்கர்கள் எழுதிய ஐந்து பக்கக் கட்டுரை. சிதைந்த தகவலைப் பல்லுறுப்புக்கோவைகளால் மீட்கும் வழி அது. அன்று அது வெறும் காகிதக் கணக்கு. பிறகுதான் வாயேஜர் விண்கலம், இசைக் குறுந்தகடு, 1994-இல் ஜப்பானில் பிறந்த க்யூஆர் கட்டம் என ஒவ்வொன்றிலும் புகுந்தது. கட்டத்தில் சுமார் 30 சதவீதம் வரை சிதைந்தாலும் மீட்க முடியும். "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று கணினி அறிவியல் ஆய்வாளர்களைத் துளைத்தெடுக்கும் நிதிக்குழுவினர், அந்த இருவரிடமும் அப்படிக் கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்?

– ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கும்பகோணம்